அத்தியாயம் 6: துணிப்பையை ஒளிக்காமல் தைப்பது

கேளம்பாக்கத்தில் இரண்டு மீட்டர் பூப்போட்ட காட்டன் எடுத்துக்கொண்டு கோவளத்துக்கு பஸ் ஏறும் பெண், வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் பையைக் காய்கறிக்கு அடியில் தள்ளிவிடுவார். பிறகு அது அரிசி டிரம்முக்குப் பின்னால் போகும். பத்து நாள் கழித்து, “இதா? பழைய துணிங்க” என்ற அறிமுகத்தோடு வெளியே வரும். க்வில்ட் தைக்கப் பழகியவர்களில் பலருக்கு இந்தச் சாமர்த்தியம் யாரும் கற்றுத்தராமலே வந்துவிடுகிறது.

வெட்டுவதையும் இணைப்பதையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இது பணமும் நேரமும் பற்றியது. செலவான தொகையைவிட, அதை எழுதி வைக்காததும் மறைத்ததும்தான் அதிகம் உறுத்துகிறது என்பது என் கட்சி. ஐநூறு ரூபாயை ஒளித்தால் மனசுக்குள் அது ஐயாயிரமாக வளரும். அதனால் இங்கே ஆறுதல் வார்த்தை அதிகம் கிடைக்காது. ஒரு நோட்டு, ஒரு டப்பா, கடிகாரம், இன்ச் டேப் இந்த நாலும் போதும்.

எது உறுத்துகிறது என்று முதலில் பிரியுங்கள்

ஒரு மாலை உட்கார்ந்து, கீழே உள்ள நாலு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் கணக்கில் சேராது.

1. கடைசியாகத் துணி வாங்கிய பணம் எதிலிருந்து வந்தது? பால், கேஸ், பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் இவற்றில் கை வைத்தீர்களா?
2. தைத்த நேரத்தில் யாருடைய வேலை நின்றது? குழந்தையின் வீட்டுப்பாடமா, உங்கள் தூக்கமா, அல்லது டிவி பார்க்கும் நேரம் மட்டுமா?
3. “வீண் செலவு” என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தது? உங்கள் வாயிலிருந்தா, வேறொருவர் வாயிலிருந்தா?
4. வாங்கிய துணியில் எவ்வளவு இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது?

முதல் கேள்விக்கு “ஆமாம்” என்றால் அந்த உறுத்தல் நியாயமானது. பணத்தைத் திரும்ப வைக்கும் வரை புதுத்துணி வேண்டாம். இரண்டாவதில் தூக்கம் என்று எழுதியிருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். கண் சொருகிக்கொண்டு மிஷின் மிதிப்பதில் விரலுக்கும் ஆபத்து.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டு ஆண் ஞாயிற்றுக்கிழமை முழுக்க பைக்கைப் பிரித்துப் போட்டுத் துடைத்தால் அது “வண்டி வேலை”. டீக்கடையில் இரண்டு மணி நேரம் போனால் அது “சும்மா வெளியே போயிருந்தேன்”. பெண் அதே நேரத்தை ஊசியோடு கழித்தால் மட்டும், கடைசியில் என்ன வந்தது என்று கேள்வி வரும். இப்படி அடுத்தவர் கொடுத்த உறுத்தலை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கு வழி பின்னால் வருகிறது.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது நாலாவதில். வாங்கும் கைக்கு வேகம் அதிகம், தைக்கும் கை மெதுவாகத்தான் போகும். இடைவெளி அலமாரியில் குவிகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது நம்மைப் பார்க்கிறது.

டப்பா முறை

தேவையானவை: மூடியுள்ள ஒரு டப்பா, ஒரு சின்ன நோட்டு.

1. மாதத் தொடக்கத்தில், வீட்டுச் செலவெல்லாம் பிரித்த பிறகு, தையலுக்கு என்று ஒரு தொகையை டப்பாவில் போடுங்கள். ஐம்பது ரூபாயாக இருந்தாலும் சரி. தொகை நிலையாக இருப்பதுதான் முக்கியம்.
2. நூல்கட்டை, ஊசி, மிஷின் எண்ணெய், பஸ் கட்டணம் எல்லாம் இந்த டப்பாவிலிருந்துதான். பஸ் காசை விட்டுவிடுபவர்கள் அதிகம். தி.நகர் வரை போய்வந்தால் மலிவாகக் கிடைத்த துணி அவ்வளவு மலிவில்லை என்று தெரியும்.
3. வாங்கிய அன்றே தேதி, துணி, மீட்டர், விலை எழுதுங்கள். கடைசிப் பத்தியில் “எதற்கு” என்று ஒரு கட்டம் வையுங்கள். அந்தக் கட்டம் காலியாக நின்றால், அழகாக இருக்கிறதே என்று வாங்கிய துணி அது.
4. டப்பா காலியானால் அடுத்த மாதம். தீபாவளித் தள்ளுபடி வந்தாலும் அடுத்த மாதம்தான்.
5. மிஞ்சிய காசை அரிசிக்கோ கேஸுக்கோ எடுக்காதீர்கள். எடுத்தால், தையல் பணம் என்று ஒன்று கிடையாது என வீடு முடிவுகட்டிவிடும். பிறகு பழைய ஒளிவுமறைவுதான்.

குறிப்பு: ஜார்ஜ் டவுனில் கோடவுன் தெரு துணி மொத்த வியாபாரத்துக்குப் பேர்போனது. தனியாகப் போனால் தேவைக்கு மேல் தலையில் கட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று பேர் பட்டியலோடு சேர்ந்து போய்ப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் மீட்டர் அளவும் இருக்கட்டும்.

தவறு: மகளிர் குழுக் கடனில் புது மிஷின் வாங்கிவிட்டு, “தைத்துக் கட்டிவிடலாம்” என்று நினைப்பது. பொழுதுபோக்குக்குத் தவணை வந்த நாளிலிருந்து அது பொழுதுபோக்கு இல்லை. கால்மிதி மிஷின் ஒன்று வீட்டிலோ உறவிலோ சும்மா நிற்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எண்ணெய் போட்டு, பெல்ட் மாற்றினால் இணைப்புத் தையலுக்கு அது தாராளமாகப் போதும். கரண்ட் போனாலும் நிற்காது.

வீட்டில் இருப்பதில் ஒரு போர்வை: அளவும் கணக்கும்

உறுத்தலுக்கு மருந்தாக நான் சொல்வது, துணி வாங்காமல் ஒரு போர்வையை முடித்துக் காட்டுவது. இதில் புதுமை எதுவும் இல்லை. வங்காளத்தின் காந்தா பழைய புடவைகளை அடுக்கித் தைத்தது. தையல் நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். வட கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி, பழந்துணித் துண்டுகளால் ஆனது. தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கும் தொம்பைகள் ஒட்டுத்துணி வேலைதான். நம் கோவளத்துக்கும் துணியோடு பழைய சம்பந்தம் உண்டு. 1720-களில் ஆஸ்டெண்ட் கம்பெனி என்ற ஐரோப்பிய வணிகக் கம்பெனி இங்கே கிடங்கு வைத்திருந்தபோது கிழக்கிந்திய வியாபாரத்தில் பருத்தித் துணி பெரிய சரக்கு. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி ஐரோப்பாவில் விலை உயர்ந்தது. அங்கே அதிலிருந்த பூவையும் பறவையையும் கத்தரித்து வெள்ளைத் துணியில் ஒட்டித் தைத்துப் படுக்கை விரிப்பு செய்தார்கள். கொஞ்சம் துணியை நிறைய இடத்துக்குப் பரப்பும் வழி அது. ஆகவே துண்டுகளைச் சேர்த்து வைக்கும் உங்கள் புத்தியைப் பற்றிக் கவலை வேண்டாம். சேர்த்ததைத் தைத்துவிடுங்கள்.

அளவு: 48 × 60 அங்குலம். ஒருவர் போர்த்திக்கொள்ளலாம்.

1. தேர்வு. பழைய காட்டன் புடவை, சட்டை, குழந்தைகளின் பாவாடை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் விலகித் தெரியும் இடத்தை ஒதுக்குங்கள். புடவையில் உட்காரும் பகுதியும் கொசுவப் பகுதியும் முதலில் நைந்து போயிருக்கும். முந்தானைக்கு உட்பக்கம் பெரும்பாலும் திடமாக இருக்கும்.
2. சாயச் சோதனை. ஒவ்வொரு துணியிலும் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். சிவப்பும் கருநீலமும் சந்தேகத்துக்குரியவை. சாயம் விடுவதை எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர்க்காதீர்கள். ஒரே சலவையில் மொத்தப் போர்வையும் போய்விடும்.
3. துவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். புதுத்துணி கலந்தால் அதையும் துவைத்தே ஆக வேண்டும். சுருங்குவது வெட்டுவதற்கு முன் சுருங்கட்டும்.
4. வெட்டு. 6½ அங்குலச் சதுரங்கள், மொத்தம் 80. கால் அங்குலத் தையல் விட்டால் ஒவ்வொன்றும் 6 அங்குலமாக நிற்கும். குறுக்கே 8, நெடுக்கே 10 என்று இணைத்தால் மேல்பக்கம் தயார். 44 அங்குல அகலத் துணியில் ஒரு பட்டைக்கு 6 சதுரம் விழும். ஆக 14 பட்டை, 91 அங்குலம், சுமார் 2.3 மீட்டர்; வாங்குவதானால் இரண்டரை மீட்டர்.
5. பின்பக்கம். நாலு பக்கமும் 4 அங்குலம் கூட விட்டு 56 × 68. இதற்கு 56 அங்குலத் துண்டு இரண்டை இணைக்க வேண்டும்: 112 அங்குலம், மூன்று மீட்டருக்குச் சற்றே குறைவு. ஐந்தரை மீட்டர் புடவை ஒன்றில் பின்பக்கம் போக இரண்டரை மீட்டருக்கு மேல் மிச்சம்.
6. நடுவடுக்கு. கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு ஷீட்டை இந்தக் கடற்கரைப் புழுக்கத்துக்கு நான் சொல்லவே மாட்டேன். போர்த்திய பத்தாவது நிமிடம் வியர்க்கும். பழைய எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்தால் இரண்டு அடுக்கு கிடைக்கும். அகலம் சுமார் 50 அங்குலம்தான் என்பதால் பக்கவாட்டில் ஓர் அங்குலமே மிஞ்சும், நேராக விரிக்க வேண்டும்.
7. மூன்றையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிநோக்கிப் பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் புடைக்கும்.
8. சதுரங்களின் தையல்கோட்டை ஒட்டிக் கையால் ஓடுதையல். மிஷினில் போடுவதானால் நீளத் தையல், 14-ஆம் எண் ஊசி.
9. ஓரப்பட்டி. சுற்றளவு 216 அங்குலம். மடிப்புக்கும் இணைப்புக்கும் பத்து சேர்த்து 226. இரண்டரை அங்குலப் பட்டை 6 வெட்டினால் போதும்.

பொதுவாக நடக்கும் தவறு 4-ஆம் படியில் ஒளிந்திருக்கிறது, வெளியே தெரிவது இணைக்கும்போதுதான். தையல் விடுப்பு ஒவ்வொரு இணைப்பிலும் அரைக்கால் அங்குலம் கூடினால், இரண்டு சதுரத்திலும் சேர்த்து கால் அங்குலம் போகும்; ஒரு வரிசையின் 7 இணைப்பில் ஒன்றே முக்கால் அங்குலம் குறையும். வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இழுக்கும். பிரித்துத் தைப்பது அலுப்பு; அப்படியே மூட்டை கட்டி மேலே போட்டுவிடுவார்கள். பாதியில் நின்ற அந்த மூட்டை அடுத்த ஆறு மாதத்துக்கு உறுத்தும். அதனால் மிஷின் தட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி, ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். துணி ஓரம் அந்தப் பிளாஸ்திரியை உரசிக்கொண்டே போக வேண்டும். முதல் இரண்டு சதுரத்தை இணைத்ததும் அளந்து பாருங்கள்: மொத்தம் 12½ அங்குலம் இருக்க வேண்டும்.

நேரத்தைத் துண்டு போடுவது

இந்தப் போர்வைக்குக் கைத்தையலோடு சுமார் 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஒரே மூச்சில் உட்கார்ந்தால் வீடும் கெடும், முதுகும் கெடும்.

1. வேலையைக் கால்மணித் துண்டுகளாக்குங்கள். நாலு சதுரம் வெட்டுவது ஒரு துண்டு, ஒரு ஜோடி வரிசையைப் பின்குத்தி வைப்பது ஒரு துண்டு.
2. மிஷின் வேலை, தரை வேலை, மடியில் வைத்துச் செய்யும் வேலை என்று பிரியுங்கள். மடி வேலையை ஒரு துணிப்பையில் தனியாக வையுங்கள். பிள்ளைகளின் டியூஷன் வாசலில், கோவளம் தர்கா பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, சிறுசேரி ஆபீஸில் மதிய இடைவேளையில் எடுக்கலாம்.
3. வாரத்தில் ஒரு நேரத்தை நிலையாக வைத்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். மற்ற நேரத்தில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போங்கள். அந்த நிலையான நேரத்தில் மட்டும் அடுப்பு அணைந்திருக்கட்டும்.
4. எழும்போது அடுத்து செய்ய வேண்டியதை ஒரு சீட்டில் எழுதித் துணியில் குத்திவிடுங்கள். “மூணாவது வரிசை, பச்சை இடப்பக்கம்” என்ற அளவு போதும். மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடும் நேரம் மிஞ்சும்.

வீட்டில் சொல்லும் விதம்

மறைப்பதை நிறுத்த, ஒருமுறை வாய் திறந்து சொல்லத்தான் வேண்டும். அனுமதி கேட்கும் தொனியில் தொடங்கினால் விவாதம் முடியாது. தகவலாகச் சொல்லுங்கள்:

“ஏங்க, மாசம் முன்னூறு ரூபா தையலுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறேன். நோட்டு டப்பா மேலயே இருக்கு, பாத்துக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நான் மிஷின்ல இருப்பேன். சுண்டலும் டீயும் ஃபிளாஸ்க்ல இருக்கும்.”

மாமியார் கேட்டால் வேறு விதம். “அத்தை, உங்க அந்தப் பச்சைச் சுங்குடி கிழிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்கல்ல? தூக்கிப் போடாதீங்க, குடுங்க. உங்களுக்கே ஒண்ணு தைக்கிறேன்.” தன் புடவை அதில் சேர்ந்துவிட்டால் அத்தை அந்தப் போர்வைக்கு வக்கீலாகிவிடுவார். இது தந்திரம்தான், ஆனால் யாருக்கும் நஷ்டமில்லாத தந்திரம்.

செய்யக்கூடாதது: விலையைக் குறைத்துச் சொல்வது. ஒருநாள் அந்த விலைக்கே இன்னும் இரண்டு மீட்டர் வாங்கிவரச் சொல்வார்கள்.

“விற்றால் சரியாகிவிடும்” என்ற பொறி

இந்த ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூர்த்தி மேகவன் என்ற மீனவரின் முயற்சியில் வளர்ந்த அலைச்சறுக்குப் பள்ளி, 2013 முதல் நடந்த அலைச்சறுக்குத் திருவிழா என்று, கடலில் விளையாடியதே கோவளத்துக்குப் பிழைப்பாகியிருக்கிறது. நல்ல விஷயம். அதைப் பார்த்து, நம் போர்வையும் காசாக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. தோன்றினால் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. எல்லாம் புதுத்துணி என்றால் மேல்பக்கம், பின்பக்கம், ஓரம் சேர்த்து 6 மீட்டர். மீட்டர் 150 ரூபாய் என்றால் 900.
2. நூல், ஊசி வகையறா 100. ஆக 1,000.
3. கூலி மணிக்கு வெறும் 100 ரூபாய் வைத்தாலும் 40 மணிக்கு 4,000.
4. மொத்தம் 5,000. கடையில் மிஷின் போர்வை சில நூறு ரூபாய்க்குத் தொங்குகிறது. பேரம் பேசி ஆயிரத்துக்குக் கேட்பார்கள். கொடுத்தால் உங்கள் 40 மணி நேரத்துக்குக் கிடைத்தது பூஜ்யம்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 1,000 ரூபாய்க்கு 40 மணி நேரம் மனசுக்குப் பிடித்த வேலை, அதாவது மணிக்கு 25 ரூபாய். சினிமா டிக்கெட்டோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடைசியில் போர்வையும் கையில் இருக்கிறது. பழந்துணியில் தைத்தால் இன்னும் குறைவு.

விற்கத்தான் வேண்டும் என்றால் போர்வையில் தொடங்காதீர்கள். பானைப்பிடி, மேசை விரிப்பு, பை போன்ற சின்னவற்றை முடிக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, அதன்பிறகு விலை சொல்லுங்கள். கைவினையை மதித்து வாங்குபவர்கள் வரும் இடம் பக்கத்திலேயே உண்டு: முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா. அங்கே ஒருநாள் போய், கைவேலைப் பொருள்களின் விலைச்சீட்டுகளை நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உப்புக்காற்றில் வீணாகாமல் பார்ப்பது

கெட்டுப்போன துணியும் கெட்டுப்போன பணம்தான். கடலோரத்தில் குண்டூசி சீக்கிரம் துருப்பிடிக்கும். துணியில் குத்தி ஒரு மழைக்காலம் விட்டுவிட்டால், எடுக்கும்போது ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பழுப்புப் புள்ளி நிற்கும். அதனால் வேலையை நிறுத்தும்போது குண்டூசிகளை உருவி, அங்கே நூலால் தொடுத்துவிடுங்கள். ஊசிகளை எண்ணெய் தொட்ட துணியில் குத்தி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மிஷினின் ஊசிக்கம்பி, பாபின் கேஸ் இரண்டையும் வாரம் ஒருமுறை துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். விட்ட பிறகு பழந்துணியில் பத்துத் தையல் ஓட்டி எண்ணெயைக் கழியுங்கள். புள்ளி விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசலாம், சாயம் போகுமா என்று ஓரத்தில் பார்த்துவிட்டு.

ஐப்பசி, கார்த்திகையில் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை வாடை வரும். பழைய தலையணை உறையில் போட்டு, அலமாரியில் சுவரைத் தொடாமல் வையுங்கள்.

விரலும் கண்ணும்

- ரோட்டரி கட்டர் வைத்திருந்தால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அலகை மூடுங்கள். எப்போதும் உடம்பை விட்டு வெளிநோக்கி வெட்டுங்கள்.
- ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் தவறிய ஒரு ஊசி விளையாட்டில்லை. ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தரையில் இழுத்தால் கிடைத்துவிடும்.
- மோட்டார் மிஷினில் நூல் கோக்கும்போதும் ஊசி மாற்றும்போதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கால் தெரியாமல் பெடலில் பட்டால் போதும், ஊசி விரலில் இறங்கும்.
- அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தூரத்தில் எதையாவது பாருங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வேலையைப் பகலுக்கு ஒதுக்குங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

கட்டைவிரல் அடிப்பகுதியிலோ மணிக்கட்டிலோ வலி காலையிலும் தொடர்ந்தால் கைத்தையலை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். பணத்தில் அடையாளம் மூன்று: டப்பாவில் இல்லாத காசில் வாங்குவது, நோட்டில் எழுதாமல் விடுவது, திரும்பவும் அரிசி டிரம்மின் பின்னால் பை சேர்வது. மூன்றில் ஒன்று நடந்தாலும் அந்த மாதமும் அடுத்த மாதமும் கடைப்பக்கம் போகாதீர்கள். தையலை விட வேண்டியதில்லை. கையில் இருக்கும் துணியைத் தரையில் கொட்டி, நோட்டில் “எதற்கு” கட்டம் காலியாக உள்ளவற்றை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அரை மீட்டருக்கு மேல் உள்ளதைத் தைக்கிற சிநேகிதிகளோடு மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் குறைந்ததை 6½ அங்குலச் சதுரமாக வெட்டி, பத்துப் பத்தாக நூலில் கட்டி வையுங்கள். எட்டுக் கட்டு சேர்ந்ததும் சதுரங்களை இணைத்துவிட்டு, மேலே சொன்ன 5-ஆம் படியிலிருந்து தொடரலாம்.